மாப்பிள்ளை சுவரில் ஓட்டை போடுகிறார்

பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ள, நல்லா பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க என்னைப் பாக்காதீங்க, மெஷினப் பாருங்க. குனிஞ்சு குனிஞ்சு 'பிடிச்சிருக்கீங்களா மச்சான்'னு கேட்டா நான் பிடிச்சு என்ன, பிடிக்காம என்ன. ஆட்டமே நீங்க குனியறதாலதான் வருது. கீழ மர பெஞ்சு, பெஞ்சு மேல பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூல் மேல என் தங்கச்சி சுகந்தியோட புருஷன் மாதேஸ், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில டிரில்லிங் மெஷினோட. ரெண்டு கையாலயும் ஸ்டூல் கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நான். என் மூஞ்சிக்கு நேரா அவரோட முழங்கால். சாமி ஒசரத்துல இருக்கணுமாம், அம்மா சொல்லிட்டாங்க. பால்கனியில நல்ல ஏணி ஒண்ணு இருக்கு. அடியில ரப்பர் வெச்சது, யானை ஏறினாலும் அசையாது. ஆனா இந்த வீட்ல ஏணிங்கற வார்த்தைய எடுக்கக் கூடாது. எடுத்தா இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு அவ்ளோதான், கறிக்கொழம்பு அடுப்புலயே கிடக்கும், மாப்பிள்ளை பைய எடுத்துக்கிட்டு பாலக்கோடு பஸ்ஸப் பிடிச்சுடுவாரு. அதனால ஏணின்னு சொல்லாத. மனசுக்குள்ளகூட மெதுவா சொல்லு.

கேட்டா சிரிப்பாங்க. ஓசூர்ல ஒரு பெரிய கம்பெனியில பாதுகாப்பு அதிகாரி நான். காலையில ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத்தனை பேரையும் வரிசையா நிக்க வெச்சு உறுதிமொழி எடுக்க வெக்கறவன். கண்ணுக்குக் கண்ணாடி போடாம ஒருத்தன் மெஷின் பக்கத்துல நின்னா, அவன் யாரா இருந்தாலும் சரி, வெளிய போய்யான்னு சொல்லலாம், சொல்லியும் இருக்கேன், பெரிய பெரிய ஆளுங்களையே சொல்லியிருக்கேன். நான் அந்தப் பக்கம் வர்றேன்னு தெரிஞ்சா கக்கத்துல இருக்கற ஹெல்மெட் தானா தலைக்கு ஏறும். எனக்கு அங்க 'விசில்'னு பட்டப்பேரு, தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கானுங்க. அப்பேர்ப்பட்டவன் என் சொந்த வீட்டு ஹால்ல வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கிட்டு நிக்கிறேன். காலையில பல்லு விளக்கும்போதே அம்மா வந்து நின்னாங்க. "ரெண்டு வருஷம் கழிச்சு மாப்பிள்ளை நம்ம வாசப்படிய மிதிக்கறாரு. உன் கம்பெனி வாய கம்பெனியிலயே வெச்சுட்டு வா. இன்னிக்கு ஏதாவது பேசின, நான் உன்கூட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்." வசுமதி, என் பொண்டாட்டி, அவ பங்குக்கு, "நீங்க சும்மா இருந்தாலே பாதி விருந்து முடிஞ்ச மாதிரிங்க"ன்னா. சும்மாத்தான் இருக்கேன். சும்மா இருக்கறது எவ்ளோ பெரிய வேலைன்னு இவங்களுக்கு எங்க தெரியப்போகுது.

நான் என்ன தப்பு பண்ணேன்? இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்னிக்கு மழை பேஞ்சு ஓஞ்சிருந்துச்சு. ஈரத் தரையில ஏணியப் போட்டு, வெறுங்காலோட ஏறி, மாப்பிள்ளை சீரியல் லைட் கட்டிக்கிட்டு இருக்காரு. ஒயரோட ஒரு முனை பல்லுல. தோல உரிக்கறாராம், பல்லால! இன்னொரு முனை எங்கன்னு பாக்கறேன், அது பாட்டுக்கு பிளக்ல சொருகிக் கிடக்குது. சுவிட்ச் கிட்ட ஒரு குழந்தை நின்னு விளையாடுது. அந்த நேரத்துல மரியாதையா, பக்குவமா, 'மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்கினீங்கன்னா தேவலை'ன்னு எவனுக்காவது வாய் வருமா? 'ஏய்! இறங்கு கீழ!'ன்னு கத்திட்டேன். மெஷின் ஓடற சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகின தொண்டை, தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவரு ஊர்ச் சொந்தம் அத்தனையும் பந்தியில, போட்ட கை போட்டபடி இலையில. ஏய்னு சொல்லிட்டேன், மாப்பிள்ளைய. ஒவ்வொரு காலா வெச்சு இறங்கினாரு. ஒயரச் சுருட்டி என் கையில குடுத்தாரு. சாப்பிடாமப் போயிட்டாரு. அவ்ளோதான், தீபாவளி இல்ல, பொங்கல் இல்ல. அவரு சுகந்தியப் போகாதன்னு சொல்லல, அதையும் ஒத்துக்கணும். அவளாத்தான் வரல. "அவரு வராத வீட்டுக்கு நான் மட்டும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுண்ணா"ன்னு போன்ல கேட்டா. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தா, கண்ல கட்டோட இருந்த அம்மாவோட கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அப்படியே வாசல்லயே பஸ் ஏறிட்டா. இங்கேர்ந்து நடந்து போற தூரம் அந்த ஆஸ்பத்திரி. அவ தன் புருஷன உயிரோட பாக்கணும்னுதானே கத்தினேன்? அதுக்குக் கிடைச்ச மரியாதை இது.

சரி, முடிஞ்சுது, வந்துட்டாரு. போன வாரம் அவரே போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை வர்றோம் மச்சான்"னு ஒத்த வரியில சொல்லிட்டு வெச்சுட்டாரு. தக்காளி மண்டி வெச்சிருக்கற மனுஷன், நாள் முழுக்க ஏலத்துல கத்தறவரு, வீட்டு ஆளுங்ககிட்ட பேசறதுன்னா வாய்ல முத்து உதிர்ந்துடும். வண்டியில தேக்குல செஞ்ச பூஜை அலமாரிய ஏத்திக்கிட்டு வந்து இறக்கினாரு. பால் காய்ச்சினப்பவே செய்யச் சொன்னதாம். கதவுல குட்டிக் குட்டியா மணி. இவ்ளோ நாள் அவரு வீட்ல துணி போட்டு மூடி வெச்சிருந்தாராம். அதைக் கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, நிஜமாவே. "ஆள வரச்சொல்லி மாட்டிக்கலாம் மாப்ள"ன்னு சொன்னேன். நல்ல எண்ணத்துலதான். "ஏன், எனக்குக் கை இல்லையா?"ன்னாரு. அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. கை இருக்கு மாப்ள. இருக்கு. அது இருக்கணும்னுதான் நான் படாதபாடு படறேன்.

காலையிலேர்ந்து நான் அவுத்துவிட்ட பொய்ய எல்லாம் கோத்தா மாலையே கட்டலாம். மெஷின் எவனோ பக்கத்துக் கடைக்காரன்கிட்ட வாங்கிட்டு வந்தது. பிளக் கிடையாது, அறுத்துப் போட்டாச்சு, ரெண்டு ஒயரும் நாக்க நீட்டிக்கிட்டு நிக்குது. இவரு, "சுகந்தி, ஒரு தீப்பெட்டி குடு"ன்னாரு. எதுக்கு? ஒயர பிளக் பாயிண்ட் ஓட்டையில விட்டு தீக்குச்சியால முட்டுக் குடுக்கத்தான். "ஒயர் குட்டையா இருக்கு மாப்ள, எட்டாது, நீட்டிட்டு வர்றேன்"னு சொல்லி பெட்ரூமுக்குத் தூக்கிட்டுப் போய், பழைய அயர்ன் பாக்ஸோட பிளக்க அறுத்து அதுல மாட்டி எடுத்துட்டு வந்தேன், திருடன் மாதிரி. அடுத்து, பென்சில எடுத்து மார்க் பண்றாரு, எங்க? சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல. போர்டுக்கு நேர் மேலதான்யா சுவத்துக்குள்ள ஒயர் ஏறும், அங்க போய்க் குடைஞ்சா நேரா கரண்டுலதான் குத்தணும். சொல்ல முடியுமா? "அம்மா, அந்த இடம் வாஸ்துப்படி சாமிக்கு ஆகாதுன்னு சொன்னாங்கல்ல?"ன்னேன். யாரு சொன்னா, எப்ப சொன்னான்னு ஒரு கேள்வி இல்ல. மாப்பிள்ளை உடனே பென்சில் கோட்டை அழிச்சுட்டு நாலடி தள்ளிப் போயிட்டாரு. கரண்டுன்னா ரோஷம் வருது, வாஸ்துன்னா பக்தி வருது. அடுத்த வாரத்துலேர்ந்து கம்பெனியிலயும் இதையே சொல்லிடலாம்னு இருக்கேன். அப்புறம் செருப்பு. "மார்பிள் சில்லுனு இருக்கு மாப்ள, கால் வலிக்கும்"னு என்னோட இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பப் போட வெச்சேன். கண்ணாடியிலதான் கோட்டை விட்டேன். "போட்டுக்கங்களேன், ஸ்டைலா இருக்கும்"னு சிரிச்சுக்கிட்டேதான் நீட்டினேன். "வேணாம் மச்சான், காது வலிக்கும். தூசி வந்தா கண்ண மூடிக்குவேன்"னுட்டாரு. கண்ண மூடிக்கிட்டு டிரில் பண்றாராம்! மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி, கண்ண இறுக்க மூடி, மெஷின மட்டும் சுவத்துல அழுத்தறாரு. ஊசி போட்டுக்கற குழந்தை மாதிரி. ஃபேனையாவது நிறுத்தலாம், தூசிய வாரி மூஞ்சியில அடிக்குதேன்னு சுவிட்ச் பக்கம் திரும்பினா, அம்மா, "டேய், மாப்பிள்ளைக்கு வேர்க்குதுடா"ங்கறாங்க. ஓடட்டும். நல்லா வேகமா ஓடட்டும். எனக்கென்ன.

முதல் ஓட்டை விழுந்துடுச்சு. செங்கல் தூள் என் தலையெல்லாம். ரெண்டாவது ஓட்டை அவ்ளோ சுலபமா விழல, உள்ள காங்கிரீட் இருக்கும் போல, மெஷின் கிர்ர்னு அலறுது, ஸ்டூல் காலு என் கைக்குள்ளயே அதிருது, பல்லுக்குள்ளகூட அதிருது. அப்பத்தான் பாத்தேன். இவ்ளோ நேரம் எப்படிப் பாக்காம இருந்தேன்னு தெரியல. மாப்பிள்ளை இடது கைக்காரரு. இடது கையால பின்பக்கப் பிடியப் பிடிச்சிருக்காரு, விசையையும் அழுத்தி லாக் பண்ணிட்டாரு, விரல எடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். பக்கத்துல பிடிக்கற கைப்பிடிய எவனோ கழட்டித் தொலைச்சிருக்கான், அதனால வலது கை போய் மெஷினோட கழுத்தையே பிடிச்சிருக்கு, சுத்தற தலைக்கு ஒட்டினாப்புல. அந்த வலது மணிக்கட்டுல கயிறு. கறுப்பும் சிவப்புமா முறுக்கின கோயில் கயிறு, மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டு, மிச்ச நுனி ரெண்டும் விரல் நீளத்துக்குத் தொங்குது. ஃபேன் காத்துக்கு அது ஆடுது. இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, சுத்தற தலைய எட்டி எட்டிப் பாக்குது.

சுத்தற மெஷின் கிட்ட கையுறைகூடப் போடக் கூடாதும்பேன் நான் கம்பெனி வகுப்புல. எல்லாரும் சிரிப்பானுங்க, இவரே கையுறை போடுங்கறாரு, இவரே போடாதங்கறாருன்னு. எங்க கம்பெனியில டிரில் ஓட்டின பெரியநாயகம் சிரிக்கல, பாவம், அவரு வகுப்புக்கே வரல அன்னிக்கு. நல்ல மனுஷன், கை சுட்டுடக் கூடாதேன்னு பஞ்சு கையுறை போட்டுக்கிட்டு டிரில் பக்கத்துல நின்னாரு. ஒரு நூல். கையுறையோட ஓரத்துல பிரிஞ்சு தொங்கின ஒத்த நூல். அதைப் பிடிச்சு இழுத்த மெஷினுக்கு, நூலு எது, விரலு எது, மணிக்கட்டு எதுன்னு தெரியுமா? ஈரத்துணியப் பிழியற மாதிரி... வேணாம். அதை நினைக்காத. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவரு சம்சாரம் ஓடி வந்து, "கை வலிக்குதாங்க?"ன்னு கேட்டுது. அந்தக் கேள்விய மட்டும் என்னால மறக்க முடியல. வலிக்கறதுக்குக் கை வேணும்ல. அதே கேள்விய என் தங்கச்சி கேக்கற மாதிரி இப்ப காதுல கேக்குது, சமையல் கட்டுலேர்ந்து அவ சிரிப்புச் சத்தமும் கேக்குது, ரெண்டும் ஒண்ணா. எவ்ளோ நாளாச்சு அவ இந்த வீட்ல சிரிச்சு. வசுமதிகிட்ட ஏதோ கதை சொல்லிக்கிட்டு இருக்கா, பூரிக்கட்டை உருளுது, அம்மா நடுவுல நடுவுல 'ஐயோ அப்புறம்?'ங்கறாங்க. நான் வாயத் தொறந்தா இந்தச் சிரிப்பு போயிடும். தொறக்கலன்னா கை போயிடும். என்னடா இது எழவு, ஒரு மனுஷனுக்கு இப்படியா ரெண்டு பக்கமும் அடைப்பாங்க.

கயித்துக்கு என்ன பொய் சொல்றது? செருப்புக்குக் குளிர் இருந்துச்சு, சுவத்துக்கு வாஸ்து இருந்துச்சு. கோயில் கயித்தக் கழட்டுங்கன்னு எதைச் சொல்லிச் சொல்றது? நிறம் மங்கிப்போச்சு, அழுக்காயிடுச்சுன்னா? சாமிக் கயித்த அழுக்குன்னு சொன்னான்னு அதுக்கொரு பஞ்சாயத்து நடக்கும். காப்பி வந்துடுச்சு மாப்ள, இறங்குங்கன்னா? இறங்குங்கங்கற வார்த்தையே என் வாயிலேர்ந்து வரக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம்தானே, ஓட்டை விழுந்துடும்... பெரியநாயகமும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. எல்லாருமே அப்படித்தான் நினைக்கறாங்க. ஸ்டூல விட்டுட்டு ஓடிப்போய் பிளக்கப் பிடுங்கலாம், ஆனா கைய எடுத்தா ஸ்டூல் ஆடும், ஸ்டூல் ஆடினா அவரு மெஷினோட என் தலை மேலதான் விழுவாரு. நல்லவேளை, மெஷின் பிளக்க சொருகியிருக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ என் காலடியிலதான் போட்டு வெச்சிருக்கேன், அதுக்கும் ஒரு பொய், ஏதோ ஒண்ணு சொன்னேன். மெதுவா வலது காலச் செருப்புலேர்ந்து உருவி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல மெஷினோட ஒயரக் கோத்துக்கிட்டேன். ஒயரப் பிடிச்சு இழுத்து பிளக்கக் கழட்டாதீங்க, பிளக்கப் பிடிச்சுக் கழட்டுங்கன்னு சொல்லிச் சொல்லியே முடி நரைச்சவன் நான். காலால இழுக்கறவன எல்லாம் நான் கனவுலகூடக் கண்டதில்ல. ஆடாத. ஏ கயிறே, ஆடாத. மாப்ள, அழுத்தாதீங்க, கைய முன்னாடி கொண்டு போகாதீங்க, தெய்வமே, கண்ணையாவது தொறந்து பாருங்களேன். அவரு இன்னும் எட்டிப் பிடிக்கறாரு. விரல் முன்னாடி நகருது. கயித்து நுனி ஒரு தடவ அந்தத் தலைய உரசிட்டு சுண்டி விட்ட மாதிரி திரும்பி வந்துச்சு. அடுத்த தடவ திரும்பி வராது.

காலை வெடுக்குனு இழுத்தேன். பிளக் பிடுங்கிக்கிட்டு வந்து மார்பிள்ல விழுந்துச்சு. மெஷின் முனகிக்கிட்டே நின்னுபோச்சு. காதுக்குள்ள மட்டும் இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"கரண்ட் போயிடுச்சா மச்சான்?"

"ஆமா மாப்ள, போயிடுச்சு. இந்த ஏரியாவே இப்படித்தான், ஞாயித்துக்கிழமையானா..."

அவரு தலைய நிமித்திப் பாத்தாரு. நானும் பாத்தேன். ஃபேன் ஜம்முனு சுத்திக்கிட்டு இருந்துச்சு.

மெதுவா கீழ பாத்தாரு. என் கால் விரல்ல கோத்திருக்கற ஒயர. என் மூஞ்சிய. அவ்ளோதான், எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ, ரெண்டு வருஷத்தையும் சேத்துக் கக்கிட்டேன். "கயிறு மாப்ள! அந்தக் கயிறு! மெஷின் இழுத்துக்கிட்டா கை இருக்காது! கண்ண மூடிக்கிட்டு எவனாவது ஓட்டை போடுவானா? தீக்குச்சி கேக்கறீங்க, போர்டுக்கு மேல குத்தப் பாக்கறீங்க, என்னால முடியல, என்னைக் கொல்றீங்க! இறங்குங்க கீழ!"

சமையல் கட்டுல பூரிக்கட்டை நின்னுபோச்சு. அம்மா கரண்டியோட வந்து நின்னாங்க. பின்னாடி வசுமதி. சுகந்தி மாவுக் கையோட கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவ மூஞ்சிய என்னால பாக்க முடியல. அன்னிக்கும் இதே மாதிரிதான் நின்னா.

மாதேஸ் இறங்கினாரு. ஒவ்வொரு காலா வெச்சு, அன்னிக்கு மாதிரியே. மெஷின என் கையில குடுத்தாரு, அன்னிக்கு ஒயரக் குடுத்த மாதிரியே. போச்சு, அடுத்தது பைதான். கறிக்கொழம்பு வாசனை வேற மூக்கத் துளைக்குது, வயித்தெரிச்சல். அவரு பையப் பாக்கல. வலது கைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு.

"அவுத்து விடுங்க மச்சான்."

எனக்குப் புரியல.

"மெஷினப் போட்டதுலேர்ந்து எனக்கு நெனப்பெல்லாம் இது மேலதான். எப்ப இழுத்துக்குமோன்னு பாக்கவே முடியல. கண்ண அதுக்குத்தான் மூடிக்கிட்டேன். உங்க தங்கச்சி கட்டினது. அதுவா அறுந்து விழுந்தாத்தான் உண்டு, நான் கை வெச்சா பேச மாட்டேன்னுட்டா. நீங்க அவுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

நான் சுகந்தியப் பாத்தேன். அவளுக்கு அழுகையா கோவமான்னே தெரியல. "மலைக்கோயில்ல கட்டினதுண்ணா. நீங்க ரெண்டு பேரும் பேசணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டினது"ன்னா. அப்புறம் புருஷன் பக்கம் திரும்பி, "அதுக்காக மெஷின்ல கைய விடச் சொன்னேனா? கழட்டிட்டு அலமாரிய மாட்டித் தொலைக்க வேண்டியதுதானே, லூசு மாதிரி!"ன்னு கத்தினா.

அடப்பாவிங்களா. இவரு அவளுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டு மேல நின்னுருக்காரு. நான் இவருக்குப் பயந்து வாய மூடிக்கிட்டு கீழ நின்னுருக்கேன். நடுவுல அந்தக் கை. தலையில அடிச்சுக்கணும் போல இருந்துச்சு, ஆனா ஒரு கையில மெஷின் இருந்துச்சு. மெஷின பெஞ்சு மேல வெச்சேன். லாக்க விடுவிச்சேன். அப்புறம் முடிச்சப் பிடிச்சேன். வேர்வையில ஊறி இறுகிப்போயிருந்துச்சு, என் நகம் நழுவிக்கிட்டே இருந்துச்சு. அவரு கைய அசைக்காம நீட்டிக்கிட்டே நின்னாரு. கனமான கை. மணிக்கட்டுல நாடி துடிக்கறது என் விரலுக்குத் தெரிஞ்சுது. அவுந்தப்போ கீழ வெளுப்பா ஒரு கோடு இருந்துச்சு. கயித்த சுகந்தி வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

"அன்னிக்கு," மாதேஸ் அந்தக் கோட்டைத் தேச்சுக்கிட்டே சொன்னாரு, என்னைப் பாக்காம, "கீழேர்ந்து பாக்க அவ்ளோ பயமாவா இருந்துச்சு?"

"இருந்துச்சு மாப்ள. ராத்திரி தூக்கமே வரல."

"அதச் சொல்லலையே நீங்க. ஏய்னுதானே சொன்னீங்க."

கண்ணாடிய எடுத்து நீட்டினேன். வாங்கி, காதுல மாட்டி, ரெண்டு தடவ சரி பண்ணி, சுவத்துல பாதியில நிக்கற ஓட்டையப் பாத்தாரு. அம்மா போய் ஃபேன நிறுத்தினாங்க. மாதேஸ் பெஞ்சப் பாத்தாரு, பெஞ்சு மேல இருக்கற ஸ்டூலப் பாத்தாரு, ஒரு விரலால அதைத் தொட்டு ஆட்டிப் பாத்தாரு.

"பால்கனியில ஏணி இருக்குல்ல மச்சான்? எடுத்துட்டு வாங்க. இது ரொம்ப ஆடுது, எனக்கே பயமா இருக்கு."

வேலை நடக்கற இடத்துல ஓடக் கூடாதுன்னு கம்பெனியில மூலைக்கு மூலை நான்தான் போர்டு வெச்சிருக்கேன். ஓடினேன்.